மூண்டு நாளும் ஒரு காலமையும்

என்ரை மனுசன் சமைச்ச சோத்தை வெள்ளவத்தைக் காகமும் ஒருக்கா யோசிச்சுப்போட்டுத்தான் கொத்தும். பகிடிக்குச் சொல்லேல்லை, பக்கத்திலை இருந்து பாத்தனான். அடிப்பிடிச்ச சோறு, ரண்டு தரம் உப்புப் போட்ட பருப்பு, தேங்காய்ச் சொட்டுப் பல்லிலை கடிபடுற சம்பல். மாசத்திலை மூண்டு நாள் இதுதான் எங்கடை சாப்பாடு. ஏனெண்டால் அந்த மூண்டு நாளும் நான் வீட்டுக்குத் தூரம், குசினிக்குள்ளை கால் வைக்கேலாது.

ஊரிலை எண்டால் இது ஒரு விசயமே இல்லை. ஒருத்தி தூரமெண்டால் இன்னொருத்தி அடுப்படியைப் பாப்பாள். மாமி இருப்பா, மச்சாள் இருப்பா, ஒருத்தரும் இல்லாட்டில் வேலிக்கு மேலாலை ஒரு சட்டி கறி வரும். கொழும்பிலை எங்களுக்குக் கிட்ட ஆர் இருக்கினம்? கடற்கரைக்குப் போற ஒழுங்கையிலை, ஒரு பெரிய வீட்டின்ரை பின்பக்கத்திலை, ரண்டு அறையும் ஒரு குசினியும். இடம் காணாமல் சாமிப்படத் தட்டையும் குசினிச் சுவரிலைதான் அடிச்சிருந்தம். அதனாலை நான் குசினி வாசலிலை நிண்டு, "உப்புப் போட்டாச்சு, இனிப் போடாதேங்கோ" எண்டு சொல்லக்கூட வழியில்லை. அவர் அரசாங்கக் கந்தோரிலை கிளாக்கர். மற்ற நாளெல்லாம் கோட்டும் டையும் போட்டுக்கொண்டு ரயில் ஏறிக் கோட்டைக்குப் போற மனுசன், அந்த மூண்டு நாளும் விடியவெள்ளன எழும்பிச் சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு தேங்காய் திருவத் திருவலையிலை குந்துவார்.

எங்கடை ஒழுங்கையிலை இப்பிடிச் சமைக்கிற ஆம்பிளையள் வேறையும் நாலைஞ்சு பேர் இருந்தவை. எல்லாரும் எங்களைப்போல வடக்கிலை இருந்து வந்த ஆக்கள், எல்லாரும் கந்தோர்காரர். கையிலை பையோடை மீன் மார்க்கட்டிலை ஒருத்தரை ஒருத்தர் கண்டால், ஏதோ களவெடுக்க வந்தவை மாதிரித் தலையைக் குனிஞ்சுகொண்டு விலத்திப் போவினம். ஆனால் பொம்பிளையளுக்குக் கண் இருக்குத்தானே. ஆற்றை மனுசன் பையோடை போறார் எண்டு பாத்தால் ஆர் இந்த மாசமும் முழுகப்போறா எண்டு ஒழுங்கை முழுக்கத் தெரியும். ஊரிலை பிள்ளை வயித்திலை தங்கினால் "அவ முழுகாமல் இருக்கிறா" எண்டுதானே சொல்லுவினம். நான் கலியாணம் முடிச்சு ஆறு வருசமா ஒரு மாசமும் தவறாமல் முழுகினவள்.

எனக்கு ஒரு பிள்ளை வேணும். இதை வடிவாச் சுத்தி வளைச்சுச் சொல்ல எனக்குத் தெரியாது. வேணும், அவ்வளவுதான். அவர் என்னை ஒரு நாளும் ஒரு சொல்லுக் கேட்டதில்லை, மாமியும் கடிதத்திலை சுகம் விசாரிக்கிறதோடை விட்டிடுவா. மற்றபடி எனக்கு வெள்ளவத்தையிலை ஒரு குறையும் இல்லை. பின்னேரத்திலை கடற்காத்து, ஞாயிற்றுக்கிழமையிலை ரண்டு பேருமா ரயில் றோட்டைத் தாண்டிப் போய்க் கல்லிலை இருந்து கடலை கொறிக்கிறது, அவற்றை பகிடியள். சந்தோசமாத்தான் இருந்தம். ஆனால் மாசாமாசம் அவர் தேங்காய் திருவுற சத்தம் கேக்கேக்கை நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு அழுவன். அவர் அது தன்ரை சமையலை நினைச்சு அழுகிறதெண்டு பகிடி விடுவார். அவருக்கும் தெரியும் அது என்ன அழுகை எண்டு.

அவற்றை தமக்கை, என்ரை மச்சாள், கொட்டாஞ்சேனையிலை இருந்தவ. புருசனுக்குத் துறைமுகத்திலை வேலை. வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிடத் தாராளம். அவ வைக்கிற மீன்குழம்புக்காக நான் வெள்ளவத்தையிலை இருந்து நடந்தும் போவன். அவதான் ஒருநாள் பஸ்ஸிலை வந்து இறங்கி, செருப்பைக் கழட்ட முதலே கதையைத் துவங்கினா.

"இஞ்சை பாரும், எங்கடை பக்கத்து வீட்டு வேதக்காரப் பிள்ளைக்கு வயித்திலை தங்கியிட்டுது! எட்டு வருசம் இல்லாமல் இருந்தவள். பம்பலப்பிட்டியிலை ஒரு பறங்கி டொக்டராம், சின்ன ஒப்பரேசன் ஒண்டு, கருப்பையைத் துப்பரவாக்கி விடுறவராம். மாதாவுக்கும் நேந்தவள்தான். ஆராலை நடந்ததெண்டு கேட்டால், மாதா பாதி டொக்டர் பாதி எண்டு சொல்லுறாள்."

"எங்களுக்கு மாதாவுக்குப் பதிலா முருகனைப் போடுவம்" எண்டார் என்ரை மனுசன்.

அண்டிரவே முடிவெடுத்திட்டம். ஆனால் அந்த டொக்டரிட்டைப் போறதுக்கு ஒரு முறை இருக்காம். மாதச் சுகயீனம் வந்து முடிஞ்ச கையோடை போகவேணும், அதுக்குப் பிறகுதான் ஒப்பரேசனுக்கு நாள் குறிப்பாராம். ஏற்கெனவே ஏதும் தங்கியிருந்தால் அதைக் கெடுத்துப்போடக் கூடாதெண்டுதான் அந்த முறை. கேக்க நியாயமான கதைதானே. ஆறு வருசத்திலை முதல் தரமா நான் அது எப்ப வருமெண்டு வாசலைப் பாத்துக்கொண்டு இருந்தன்.

வந்தது. வழமையிலும் கொஞ்சம் முந்தியே வந்திட்டுது. ஒரு காலமை சேலையிலை ஒரு கறை, கோப்பி பட்ட மாதிரி மண்ணிறம், ஒரு சதக்குத்தியளவு. கண்ட உடனை, "இஞ்சாருங்கோ, நான் தூரம்" எண்டு கூப்பிட்டன். அவர் ஒரு பெருமூச்சு விட்டுப்போட்டுச் சாரத்தை மடிச்சுக் கட்டினார். நான் பாயை எடுத்துக்கொண்டு முன்னறையிலை போய் இருந்தன்.

மத்தியானம் பாத்தால் ஒண்டும் இல்லை. பின்னேரமும் இல்லை. அடுத்த நாளும் இல்லை. ஆனால் தூரமெண்டு வாயாலை சொல்லியாச்சு. சொன்னால் மூண்டு நாள் இருக்கவேணும், நாலாம் நாள் முழுகித்தான் எழும்பவேணும், அதுக்கு அரை நாள் கால் நாள் எண்டு ஒரு சலுகையும் கிடையாது. என்ரை அம்மா அப்பிடித்தான் இருந்தவ. நானும் அதை ஒரு பெரிய விசயமா நினைக்கேல்லை. உள்ளதைச் சொன்னால், சும்மா கிடக்க எனக்கு விருப்பம். பக்கத்து வீட்டிலை இரவல் வாங்கின கதைப் புத்தகம், யன்னலாலை வாற காத்து, ஆர் குழம்பு வைச்சால் எனக்கென்ன!

ஆனால் அந்த முறை கதைப் புத்தகத்திலை நாலு பக்கம் தாண்டேல்லை. நித்திரை. என்ன நித்திரை எண்டால், மத்தியானம் படுத்தால் ரயில் ஊதினாலும் கேக்காது. சும்மா கிடக்கிற உடம்பு அப்பிடித்தான் சோம்பும் எண்டு நினைச்சன். மார்பு ரண்டும் நோ, சட்டை முட்டேலாது. அது பாயின்ரை குற்றம், நிலம் கடினம். றோட்டாலை ஒரு கிழட்டு மாடு வண்டில் இழுத்துக்கொண்டு போனதைப் பாத்து விக்கி விக்கி அழுதன். அதுக்கு ஒருத்தரையும் குற்றம் சொல்ல முடியேல்லை, மாட்டுக்காரனை மட்டும் ஏசினன்.

எல்லாத்திலும் பெரிய குற்றவாளி என்ரை மனுசன்தான். அவர் குசினியிலை பருப்புத் தாளிக்க எனக்கு முன்னறையிலை ஓங்காளம் வரும். அவர் கோப்பையிலை சோத்தைப் போட்டுக் கொண்டுவந்து வாசலிலை வைக்க, மணம் மூக்கிலை அடிச்ச உடனை, "அட கோதாரி! என்னத்தைப் போட்டுக் கிண்டினியள்?" எண்டு கத்துவன்.

"நான் வழமையாப் போடுறதைத்தான் போட்டனான்."

"அதுதான் நானும் சொல்லுறன்!"

பாவம் மனுசன். எடுத்துக்கொண்டு போய்த் தானே சாப்பிடுவார். நாலாம் நாள் நான் முழுகி எழும்பினன்.

அந்தக் கிழமையே பம்பலப்பிட்டிக்குப் போனம். டொக்டர் நல்ல உயரம், நரைச்ச மீசை, கண்ணாடி. இங்கிலிசும் கொஞ்சம் சிங்களமும்தான், தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. எனக்குப் பள்ளிக்கூடத்திலை படிச்ச இங்கிலிசு விளங்கும். ஆனால் இதுகளை எல்லாம் ஒரு அந்நிய ஆம்பிளைக்கு முன்னாலை வாயாலை சொல்லுறதோ? நான் தலையைக் குனிஞ்சுகொண்டு கதிரை நுனியிலை இருந்தன். என்ரை மனுசன்தான் எனக்காக மறுமொழி சொன்னவர். கடைசியா எப்ப வந்தது எண்டு டொக்டர் கேட்டார், இவர் சொன்னார். எத்தினை நாள் எண்டு கேட்டார்.

"த்ரீ டேஸ், டொக்டர். எவ்றி மந்த் த்ரீ டேஸ். வெரி ரெகுலர்" எண்டு இவர் நெஞ்சை நிமித்திச் சொன்னார், கோட்டை ரயிலைப் பற்றிச் சொல்லுற ஸ்டேசன் மாஸ்டர் மாதிரி. அவருக்கு எப்பிடித் தெரியும்? அவர்தானே அந்த மூண்டு நாளும் சமைச்சவர். டொக்டர் என்னைப் பாத்தார். நானும் ஓமெண்டு தலையாட்டினன். இருந்தது மூண்டு நாள்தானே.

டொக்டர் எல்லாத்தையும் விளங்கப்படுத்தினார். மயக்க மருந்து தருவார், எனக்கு ஒண்டும் தெரியாது. உள்ளுக்கை ஒரு சின்னக் கரண்டி மாதிரி ஒண்டை விட்டு, கருப்பையின்ரை உட்சுவரைச் சுரண்டி எடுப்பார். பழசு போனால் புதுசு வளரும், அதிலை பிள்ளை தங்கும். இவர் அதை எனக்குத் தமிழிலை சொல்லேக்கை, "சட்டியின்ரை அடியைச் சுரண்டிற மாதிரியாம்" எண்டார். சட்டி சுரண்டிறதைப் பற்றி அவருக்குத் தெரியாத ஒண்டும் இல்லை. டொக்டர் ஏதோ அலுவலாக் கண்டிக்குப் போக இருந்தபடியால், அதுக்கு அடுத்த கிழமை சனிக்கிழமை காலமை எண்டு நாள் குறிச்சார்.

எனக்குப் பயமும் சந்தோசமும் ஒண்டாக் கிடந்தது. மயக்க மருந்திலை எழும்பாமல் விட்டால்? எழும்பி, பேந்து பிள்ளையும் வந்தால்? வரேக்கை பஸ்ஸிலை நான் பிள்ளைக்குப் பெயரும் வைச்சிட்டன், அவருக்குச் சொல்லேல்லை.

இனி நான்தான் சமைக்கிறன். சமைச்சாலும் ஓங்காளம் நிண்டபாடில்லை. உலை கொதிக்க வயித்தைப் பிரட்டும், வெங்காயம் வதக்க ஓடிப்போய் வளவுக்கை நிப்பன். எனக்கு உடனை விளங்கியிட்டுது: அவர் அடிப்பிடிக்க வைச்ச சட்டியளிலை அந்த மணம் ஊறிப் போச்சு. ஒரு காலமை இருந்த மண்சட்டி முழுக்கத் தூக்கி எறிஞ்சுபோட்டுப் புதுச் சட்டி வாங்கிக் கொண்டுவந்தன். அது புது மண் மணம், அதுவும் சரிவரேல்லை. பிறகு அரிசிக் கடைக்காரரோடை சண்டை. பழுதாப்போன அரிசியை என்ரை தலையிலை கட்டிப்போட்டீர் எண்டு நான் கத்த, அந்த முஸ்லிம் மனுசன் ஒரு பிடி அரிசியைக் கையிலை எடுத்து மணந்து பாத்துப்போட்டு, "நல்ல அரிசி தங்கச்சி, நம்மட வீட்டுலயும் இதான் ஆக்குற" எண்டு பொறுமையாச் சொன்னார். அதுக்குப் பிறகு வாய்க்கால், கடல், பக்கத்து வீட்டுக் கருவாடு எண்டு ஒண்டையும் மிச்சம் விடேல்லை. கடைசியிலை சுத்தி வந்து திரும்பவும் அவரிலைதான் நிப்பன்.

"உங்கடை மூண்டு நாள் சாப்பாடு என்ரை குடலைக் கெடுத்துப்போட்டுது. அது இன்னும் வயித்துக்குள்ளை கிடக்கு!"

"உது விசர்க் கதை. நானும் அதைத்தானே சாப்பிட்டனான்?"

"உங்களுக்குப் பழகிப்போச்சு!"

குற்றம் சொல்லுறதுக்கு ஒரு ஆள் இருந்தால் வேறை காரணம் தேடத் தேவையில்லைத்தானே. வயித்திலை பிள்ளை எண்ட நினைவு எனக்குக் கனவிலும் வரேல்லை. எப்பிடி வரும்? நான் முழுகினவள். அடுத்த முழுக்குக்கு இன்னும் கன நாள் கிடந்தது.

ஒப்பரேசனுக்கு முந்தின வியாழக்கிழமை மச்சாள் பின்னேரச் சாப்பாட்டுக்கு வரச் சொல்லியிருந்தா. ஒப்பரேசன் முடிஞ்சால் கொஞ்ச நாளைக்குப் பத்தியம், அதுக்கு முதல் எனக்கு ஒருக்கா நல்லாச் சாப்பாடு தரவேணுமாம். இவர் கந்தோர் விட்டு வர, கோட்டையிலை சந்திச்சு ட்ராமிலை ஏறி, மிச்சத்தை நடந்து போனம். மச்சாள் விளைமீன் குழம்பு வைச்சிருந்தா. நான் சொன்னனே, நடந்தும் போவன் எண்ட அந்தக் குழம்பு. மச்சாளின்ரை புருசனும் என்ரை மனுசனும் சாப்பிட இருக்க, மச்சாள் எனக்கும் இடம் போட்டு, ஒரு பெரிய துண்டைத் தலையோடை தூக்கிச் சோத்திலை வைச்சா.

மணம் வந்தது. அவ்வளவுதான். நான் கதிரையைத் தள்ளி விழுத்திப்போட்டுப் பின்வளவுக்கு ஓடி, தண்ணிக் குழாயடியிலை குந்திக் குடலே வெளியிலை வாற மாதிரிச் சத்தி எடுத்தன்.

உள்ளுக்கை என்ரை மனுசன் எழும்பி நிக்கிறது யன்னலாலை தெரிஞ்சுது. கையிலை சோத்தோடை, முகம் முழுக்கச் சிரிப்பு.

"இது நான் சமைச்சதில்லை!" எண்டு அவர் கத்தினார். "அக்கா, இது நீங்கள் சமைச்சது! எல்லாரும் பாத்துக்கொள்ளுங்கோ, இது என்ரை சமையல் இல்லை!"

மச்சாளுக்கு முதல் வந்தது கோபம். அவவின்ரை குழம்புக்கு இண்டுவரைக்கும் ஒருத்தரும் சத்தி எடுத்ததில்லை. விறுவிறெண்டு வந்தவ, என்ரை முதுகைத் தடவிவிட்டா. பிறகு மெல்லக் கேட்டா, "எவ்வளவு நாளா உமக்கு இப்பிடி?"

"இவர் சமைச்ச நாளிலை இருந்து."

"முழுகினனீர்தானே?"

"ஓம் மச்சாள், முழுகினனான்."

"எத்தினை நாள் இருந்தது?"

நான் வாயைத் திறக்க முதல் யன்னலாலை மறுமொழி வந்திட்டுது. "மூண்டு நாள் அக்கா! வழமை மாதிரி மூண்டு நாள். நான்தானே சமைச்சனான்."

எனக்கு எங்கை இருந்துதான் அந்த ஆத்திரம் வந்ததோ தெரியாது. சத்தி எடுத்துக் களைச்சுப்போய்க் குந்தியிருக்கிறன், அந்த மனுசன் அங்கை நிண்டு தன்ரை சமையலுக்குச் சாட்சி சொல்லுறார்.

"நீங்கள் சமைச்சதுதான் மூண்டு நாள்!" எண்டு கத்தினன். "எனக்கு வந்தது ஒரு காலமை! ஒரேயொரு காலமை ஒரு பொட்டுக் கறை, பேந்து ஒண்டும் இல்லை!"

கத்தின பிறகுதான் நான் சொன்னது எனக்கே கேட்டது. மச்சாளின்ரை கை என்ரை முதுகிலை அப்பிடியே நிண்டது. கொட்டாஞ்சேனையிலை அந்த நேரம் கோயில் மணி, றிக்ஷோ மணி, ஆக்களின்ரை கூப்பாடு எல்லாம் இருந்திருக்கும், எனக்கு ஒண்டும் காதிலை விழேல்லை. நித்திரை, நோ, அழுகை, ஓங்காளம் எல்லாம் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா வந்து எனக்கு முன்னாலை நிண்டதுகள். அதுக்குப் பின்னாலை சனிக்கிழமை வந்து நிண்டது.

"முருகா" எண்டா மச்சாள். "நாளையிண்டைக்கு அதை எல்லோ சுரண்டப் போகினம்."

ஆறு வருசமா நான் கேட்டு அழுதது உள்ளுக்கை வந்து இருந்திருக்கு. அதை எடுத்தெறியிறதுக்கு நானே தலையாட்டி நாளும் குறிச்சுப்போட்டு, அந்தச் சந்தோசத்திலை பஸ்ஸிலை இருந்து பெயரும் வைச்சிருக்கிறன்.

மச்சாளின்ரை புருசன் சாப்பிட்ட கை கழுவாமல் ஓடிப்போய் ஒரு ஹயர் காரைக் கொண்டுவந்து நிப்பாட்டினார். அதிலை ரண்டு பேரும் பம்பலப்பிட்டிக்கு டொக்டரிட்டை வெளிக்கிட்டம். காலி றோட்டுக்கு வந்த பிறகுதான் நான் அவரைத் திரும்பிப் பாத்தன். அழுதுகொண்டிருந்தார். கந்தோரிலை துரை ஏசின நாளிலும் பகிடியோடை வீட்டை வாற மனுசன்.

"நான்தான் அவருக்குச் சொன்னனான், மூண்டு நாளெண்டு" எண்டார்.

"நான் தலையாட்டினனான்தானே. இனி நீங்கள் வாய் திறக்காமல் இருங்கோ, அது காணும்."

டொக்டர் தன்ரை வீட்டுக்குப் போக வெளிக்கிட்டுத் தொப்பியோடை நிண்டார். எங்களைக் கண்டிட்டுத் திரும்ப உள்ளுக்கை கூட்டிக்கொண்டு போனார். என்ரை மனுசன் பழக்கதோசத்திலை தொண்டையைச் செருமினார், நான் அவற்றை கையைப் பிடிச்சு இருத்திப்போட்டு நானே துவங்கினன். வெக்கம் எங்கை போச்சுதோ தெரியாது.

"வண் மோர்னிங் ஒன்லி, டொக்டர். ஸ்மோல். பிறவுண்."

டொக்டருக்கு விளங்கேல்லை. போன முறை மூண்டு நாளெண்டு சொன்னியளே எண்டு கேட்டார். எங்கடை வீட்டு வழக்கத்தை ஒரு பறங்கி மனுசனுக்கு இங்கிலிசிலை எப்பிடிச் சொல்லுறது? நான் என்ரை மனுசனைக் கையாலை காட்டி, "த்ரீ டேஸ் ஹீ குக், டொக்டர். நொட் மீ. ஹீ குக்" எண்டன்.

டொக்டர் தொப்பியை மேசையிலை வைச்சார். என்ரை மனுசனைக் கன நேரம் பாத்தார். சிரிக்கப் போறார் எண்டு நினைச்சன், சிரிக்கேல்லை. கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார். பிறகு எனக்கு நேரை திரும்பி ஒவ்வொண்டா விசாரிச்சார். கறை என்ன நிறம், நோ இருந்ததோ, நித்திரை எப்பிடி, மார்பு எப்பிடி, என்ன மணம் பிடிக்கேல்லை. எல்லாத்துக்கும் நானே மறுமொழி சொன்னன்.

கடைசியா அவர் சொன்னது இதுதான். கரு உண்டானால் அது உடனை ஒரு இடத்திலை தங்காது. சில நாள் மிதந்து வந்துதான் கருப்பைச் சுவரைப் பிடிக்கும். நாத்து மண்ணைப் பிடிக்கிறது மாதிரி அது சுவருக்குள்ளை வேரைக் கொழுவேக்கை சில பொம்பிளையளுக்குக் கொஞ்சம் இரத்தம் தெரியும். அது மாதச் சுகயீனம் இல்லை, நேரம் கிட்டத்தட்ட ஒண்டாக் கிடக்கிறதாலை ஆக்கள் மாறி நினைக்கிறது உண்டு. உமக்கு நடந்தது அதுதானெண்டு நான் இப்ப சத்தியம் பண்ணமாட்டன், கையாலை பாத்துச் சொல்ல இன்னும் காலம் கிடக்கு. இல்லாமலும் இருக்கலாம். ஆனால் சனிக்கிழமை நான் உம்மிலை கை வைக்கமாட்டன். வீட்டை போய் இரும், பாரம் தூக்காதையும், பாத்துக்கொண்டு இரும்.

வாசல் மட்டும் வந்து வழி விட்டவர் என்ரை மனுசனிட்டைச் சொன்னார், இனி இந்த மேசையிலை தான் ஒரு புருசனையும் கேள்வி கேக்கிறதில்லையாம்.

சனிக்கிழமை வந்தது. இவர் ஒப்பரேசனுக்கெண்டு துரையிட்டைக் கெஞ்சி லீவு எடுத்திருந்தவர், அதாலை வீட்டிலைதான் நிண்டார். என்னைக் கட்டிலாலை இறங்க விடேல்லை. ஒருக்கா வந்து யன்னலைத் திறப்பார், ஒருக்கா வந்து மூடுவார். தொல்லை தாங்கேலாமல், "கடற்கரைப் பக்கம் போய் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாங்கோ" எண்டு கலைச்சன். வீடு அமைதியாப் போச்சு.

எனக்கு நேரம் தெரியும். அந்த நேரம் என்னை மேசையிலை வளத்தி, மூக்கிலை மயக்க மருந்துத் துணியை வைச்சிருப்பினம். நான் என்ரை கட்டிலிலை கிடந்தன். கையை எடுத்து வயித்திலை வைச்சன். அங்கை தொட்டுப் பாக்க ஒண்டும் இல்லை, ஒரு அசைவும் இல்லை, என்ரை பழைய வயிறுதான். இருக்கோ இல்லையோ எண்டும் எனக்குத் தெரியாது. டொக்டருக்கே தெரியாது. எண்டாலும் வாய் சும்மா இருக்கேல்லை.

"இரு பிள்ளை" எண்டன். "ஆறுதலா இரு. உன்னை இனி ஒருத்தரும் குடியெழுப்பமாட்டினம்."

இருந்தாள். பிறந்த நாளிலை இருந்து அவள் என்ரை சொல்லு ஒண்டும் கேட்டதில்லை. அண்டைக்குக் கேட்டாள்.